நொடிக்கு நூறு கோடி அயனிகள் வந்தால், எத்தனை வினை நடந்தது என்று எப்படித் தெரியும்?

கடலூரிலிருந்து எம்.எஸ்சி. இயற்பியல் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் கேள்வியின் சுருக்கம் இது: "கன அயனித் துண்டாக்கம் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில், பீமில் நொடிக்கு 10⁹ அயனிகள் வரை வருவதாக எழுதுகிறார்கள். அவ்வளவு வேகத்தில் எந்த டிடெக்டரும் ஒவ்வொன்றாக எண்ண முடியாது. அப்படியிருக்க, குறுக்குவெட்டு இத்தனை மில்லிபார்ன், பிழை 10 சதவீதம் என்று எப்படித் துணிந்து சொல்கிறார்கள்? இந்த வினைவீதத்தைத்தான் விண்மீன்களுக்கும் பயன்படுத்துகிறார்களா?"

கேள்வியின் முதல் பாதிதான் இந்தத் துறையின் உயிர்நாடி. குறுக்குவெட்டு என்பது ஒரு வினை நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைப் பரப்பளவாகச் சொல்லும் எண்; அதற்கான சூத்திரத்தை எந்தப் புத்தகமும் ஒரே வரியில் தந்துவிடும். அந்த வரியில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் எங்கிருந்து எடுப்பது, எடுத்ததை எந்த அளவுக்கு நம்புவது என்பதில்தான் ஆராய்ச்சிக் குழுக்கள் மாதக்கணக்கில் உழைக்கின்றன. புதுச்சேரியிலும் கடலூரிலும் படித்துவிட்டு முடுக்கிக் கூடங்களுக்குப் போக நினைப்பவர்கள் முதலில் கைவசப்படுத்த வேண்டியதும் இதுவே. அதனால் சற்று நீட்டியே எழுதுகிறேன்.

என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். ஒரு நியூக்ளியானுக்கு (அணுக்கருவில் உள்ள புரோட்டான் அல்லது நியூட்ரான் ஒன்றுக்கு) சில நூறு மெகா எலக்ட்ரான் வோல்ட் முதல் 1 கிகா எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றல் ஏற்றிய அணுக்கருக்களைப் பெரிலியம் அல்லது கார்பன் டார்கெட்டின் மேல் விடுகிறார்கள். 1 கிகா எலக்ட்ரான் வோல்ட்டில் அந்த அணுக்கருவின் வேகம் ஒளியின் வேகத்தில் 88 சதவீதம். இரண்டு அணுக்கருக்கள் உரசிப் போகும்போது, ஒன்றின் மேல் ஒன்று படியும் பகுதி மட்டும் சீவப்படும். மிச்சம் ஏறக்குறைய பழைய வேகத்தில், பழைய திசையிலேயே பாயும். சீவியதில் ஏறிய சூட்டை அந்த மிச்சம் சில நியூட்ரான்களையும் புரோட்டான்களையும் உதிர்த்துத் தணித்துக்கொள்ளும். கடைசியில் எஞ்சுவதுதான் துண்டு. ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரின் ஜிஎஸ்ஐ, ஜப்பானின் ரிக்கென், பிரான்சின் கானில் (GANIL) ஆய்வகம், அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் ஆகியவை துண்டாக்கத்துக்குப் பேர்போன இடங்கள்; கானிலில் மட்டும் ஆற்றல் இதைவிடக் குறைவு. துண்டுகள் எல்லாம் முன்னோக்கியே பறப்பது பெரிய வசதி. வரிசையாகக் காந்தங்களை வைத்து வகைவகையாகப் பிரித்துவிடலாம்.

இப்போது கணக்குக்கு வருவோம். டிடெக்டர் காட்டும் கவுன்ட் ரேட் வினைவீதம் ஆகாது. டார்கெட்டில் நொடிக்கு நடக்கும் வினைகள் என்பது மூன்று எண்களின் பெருக்கல்: நொடிக்கு வரும் அயனிகள், டார்கெட்டின் ஒரு சதுர சென்டிமீட்டரில் நிற்கும் அணுக்கருக்கள், குறுக்குவெட்டு. பீமைக் கூட்டினால் வினைவீதம் கூடும், டார்கெட்டைத் தடிமனாக்கினாலும் கூடும். குறுக்குவெட்டு மட்டுமே இயற்கையின் சொத்து. நாம் தேடுவது அதைத்தான்.

எண்களைப் போட்டுப் பார்த்தால் பிடிபடும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 கிராம் கணக்கில் கார்பன் டார்கெட் வைத்திருக்கிறோம். கிராஃபைட் என்றால் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான தடிமன். அவகாட்ரோ எண்ணை 2 ஆல் பெருக்கி 12 ஆல் வகுத்தால், சதுர சென்டிமீட்டருக்கு 10²³ அணுக்கருக்கள். கார்பன்-12 பீம் கார்பன் டார்கெட்டில், 1 கிகா எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டிய ஆற்றலில் மோதினால் வினைக் குறுக்குவெட்டு சுமார் 0.85 பார்ன். 1 பார்ன் என்பது 10⁻²⁴ சதுர சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் 0.085. டார்கெட்டுக்குள் போகப்போக பீம் கரைவதால் அடுக்குக்குறி விதிப்படி கணக்கிட வேண்டும். அப்படிச் செய்தால் 10 லட்சம் அயனிகளில் சுமார் 9,18,500 தப்பித்து வெளியே வரும். சுமார் 81,500 வினைபுரியும். இந்த எண்ணிக்கையின் புள்ளியியல் ஏற்ற இறக்கம் 274 தான். அதாவது மூன்றில் ஒரு சதவீதத் துல்லியம் வெறும் 10 லட்சம் அயனிகளிலேயே கிடைத்துவிடுகிறது. ஆகவே மொத்த வினைக் குறுக்குவெட்டில் புள்ளியியலால் பெரிய தொல்லை இல்லை. தொல்லை தருபவை வேறு.

இந்த முறையில் வினைபுரிந்தவற்றை யாரும் எண்ணுவதில்லை என்பதைக் கவனியுங்கள். டார்கெட்டுக்கு முன்னால் ஒவ்வோர் அயனியையும் அடையாளம் கண்டு எண்ணுகிறோம். பின்னால் மாறாமல் வந்தவற்றை எண்ணுகிறோம். குறைந்தது எவ்வளவு என்பதிலிருந்து குறுக்குவெட்டு வருகிறது. புதுச்சேரி அரியாங்குப்பம் பாலத்தில் கடலூர் நோக்கிப் போகும் வண்டிகளை ஒருவர் எண்ணுகிறார், ஆல்பேட்டை சோதனைச்சாவடி தாண்டி இன்னொருவர் எண்ணுகிறார் என்று வையுங்கள். வித்தியாசம் முழுவதையும் 'சோதனைச்சாவடியில் மடக்கப்பட்டவை' என்று எழுதிவிட முடியுமா? தவளக்குப்பத்தில் வீட்டுக்குத் திரும்பியவர்கள், கிருமாம்பாக்கத்தில் டீக்கடையில் நிறுத்தியவர்கள் எல்லாரும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். சாவடியே இல்லாத ஒரு நாளிலும் இதே கணக்கை எடுத்தால்தான் சாவடியின் பங்கு தனியாகத் தெரியும்.

ஆய்வகத்திலும் அதே கதை. டார்கெட்டை எடுத்துவிட்டால்கூட அயனிகள் டிடெக்டர்களின் பிளாஸ்டிக்கிலும் காற்றிலும் ஜன்னல் தகடுகளிலும் மோதிக் காணாமல் போகும். டார்கெட் இல்லாதபோது 10 லட்சத்தில் 9,80,000 வந்தன, டார்கெட் வைத்தபோது 9,00,100 வந்தன என்போம். இரண்டின் விகிதம் 0.9185, குறுக்குவெட்டு 0.85 பார்ன், சரியான விடை. டார்கெட் இல்லாத ஓட்டத்தை எடுக்காமல் 9,00,100 ஐ மட்டும் வைத்துக் கணக்கிட்டால் 1.05 பார்ன் வரும். வெறும் 2 சதவீத இழப்பை விட்டுவிட்டதற்கு, விடையில் 24 சதவீதப் பிழை. பீம் நேரம் கிடைப்பது அரிது. இருந்தும் அதில் கணிசமான பங்கை டார்கெட் இல்லாத ஓட்டத்துக்கு ஒதுக்குகிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

இந்த முறையின் மிகப் பெரிய வெற்றி 1985 இல் வந்தது. இசாவோ தனிஹாட்டா குழுவினர் அமெரிக்காவின் பெர்க்லியில் பெவலாக் முடுக்கியில், லித்தியம் ஐசோடோப்புகளைத் துண்டாக்கத்தில் உண்டாக்கி, அவற்றையே இரண்டாவது பீமாக ஆக்கி, கார்பன் டார்கெட்டில் விட்டார்கள். லித்தியம்-9 க்குக் குறுக்குவெட்டு சுமார் 0.8 பார்ன். அதைவிட இரண்டே நியூட்ரான் கூடுதலாக உள்ள லித்தியம்-11 க்கு 1.04 பார்ன், பிழை 0.06. அணுக்கருவின் ஆரம் நிறை எண்ணின் கனமூலத்தைப் பொறுத்தது என்ற பாடத்தின்படி போட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய 7 சதவீதம் கூடியிருக்க வேண்டும். கூடியதோ 30 சதவீதம். கடைசி இரண்டு நியூட்ரான்களும் உள்ளகத்தை விட்டு வெகுதூரம் பரந்து கிடக்கின்றன என்று பிறகு விளங்கியது. 9 மில்லிநொடிக்கும் குறைவான அரை ஆயுள் கொண்ட அந்த அணுக்கருவைத் தட்டில் வைத்து யாரும் அளக்க முடியாது. 'எத்தனை தப்பின' என்று எண்ணியதிலிருந்தே அதன் பருமன் தெரிந்தது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பாகத்தான் இருக்கிறது.

'மாறாமல் வந்தது' என்று சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. புரோட்டான் ஒன்று போனால் மின்சுமை குறையும். அயனியாக்க அறையில் இழக்கும் ஆற்றல் மின்சுமையின் இருமடியைப் பொறுத்தது என்பதால் உடனே தெரிந்துவிடும். நியூட்ரான் மட்டும் போனால் மின்சுமை அப்படியே இருக்கும். மேலோட்டமான டிடெக்டர் அதை 'வினைபுரியாதது' என்று எழுதிவிடும். அதைப் பிடிக்கக் காந்தப்புலத்தில் பாதை எவ்வளவு வளைகிறது, இரண்டு சிண்டிலேட்டர்களுக்கு (துகள் பட்டால் ஒளிரும் டிடெக்டர்களுக்கு) இடையே பறக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்ற இரண்டையும் அளந்து, நிறைக்கும் மின்சுமைக்கும் உள்ள விகிதத்தைக் கறாராகக் கணக்கிட வேண்டும். மின்சுமை மாறிய வினைகளுக்கு மட்டும் தரும் குறுக்குவெட்டும், எந்த நியூக்ளியான் போனாலும் சேர்த்துக்கொள்ளும் குறுக்குவெட்டும் வேறுவேறு. ஒரு கட்டுரையின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடுமுன் எது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் 10⁹ க்கு வருகிறேன். மேலே சொன்ன முறையில் அயனிகளை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது, ஏனென்றால் பீம் மெலிதாக இருந்தது. ஆனால் ஒரு குறிப்பிட்ட துண்டு, உதாரணமாக யுரேனியத்திலிருந்து ஓர் அரிய ஐசோடோப்பு, எத்தனை முறை உண்டாகிறது என்று அளக்க வேண்டுமானால் பீம் பலமாகத்தான் இருக்க வேண்டும். அப்போது துண்டுகளை எண்ணுவது எளிது. காந்தங்கள் பீமின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு வேண்டியதை மட்டும் கடைசி டிடெக்டருக்கு அனுப்பும். வந்த அயனிகளை எண்ணுவதுதான் கடினம். கீழே என்ன எண் போட்டு வகுப்பது?

குறைந்த ஆற்றலில் என்றால் ஃபாரடே கோப்பையில் பீமை நிறுத்தி மின்னோட்டத்தை அளந்துவிடலாம். இந்த ஆற்றலில் அயனி தடிமனான உலோகத்தையும் துளைத்துப் போகும், போகும் வழியில் இரண்டாம் நிலைத் துகள்களைக் கொட்டிக்கொண்டே போகும். அதனால் ஜிஎஸ்ஐயில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். பீமை அளக்கும் பீம் மானிட்டராக, மிக மெல்லிய டைட்டானியம் தகடுகளை பீமின் பாதையில் வைக்கிறார்கள். அயனி ஊடுருவும்போது தகட்டின் மேற்பரப்பிலிருந்து சில எலக்ட்ரான்கள் தெறிக்கும். அவை வெளியேறுவதால் எழும் நுண்ணிய மின்னோட்டம் பீமின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஓர் அயனிக்கு எவ்வளவு மின்னோட்டம் என்பது பீம் எந்தத் தனிமம், என்ன ஆற்றல், தகட்டின் மேற்பரப்பு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். ஆகவே ஒவ்வொரு சோதனைக்கும் புதிதாக அளவு திருத்த வேண்டும்.

அந்த அளவு திருத்தம்தான் முழுச் சோதனையின் அச்சாணி. பீமை நொடிக்குச் சில ஆயிரம் அயனிகளாகக் குறைத்து, தகட்டோடு ஒரு சிண்டிலேட்டரையும் பாதைக்குள் தள்ளுகிறார்கள். சிண்டிலேட்டர் ஒவ்வோர் அயனியையும் எண்ணும். தகடு மின்னோட்டத்தைத் தரும். பீமைப் படிப்படியாக ஏற்றுகிறார்கள். இரண்டையும் வரைபடத்தில் போட்டால் தொடக்கத்தில் நேர்கோடு. பீம் ஏற ஏற சிண்டிலேட்டர் திணறி, கோடு வளையத் தொடங்கும். வளைவு தொடங்குமுன் உள்ள சாய்விலிருந்து 'ஓர் அயனிக்கு இவ்வளவு' என்ற எண்ணை எடுத்துக்கொண்டு, சிண்டிலேட்டரை விலக்கிவிட்டு, பீமை 10⁹ வரை கொண்டுபோகிறார்கள். தகடு அங்கேயும் நேர்கோட்டில் நிற்கும். நீங்கள் கேட்ட 'எப்படித் துணிந்து' என்பதற்கு விடை இந்தச் சாய்வுதான்.

டார்கெட்டைப் பற்றிச் சொல்லப் பெரிதாக இல்லை. எடையைப் பரப்பால் வகுக்க வேண்டும், தகடு எங்கும் ஒரே தடிமனா என்று பார்க்க வேண்டும். தடிமனில் 1 சதவீதம் பிசகினால் குறுக்குவெட்டிலும் 1 சதவீதம் பிசகும். திரவ ஹைட்ரஜன் டார்கெட்டில்தான் கவனம் தேவை. அதன் டைட்டானியம் ஜன்னல்களிலும் வினை நடக்கும் என்பதால் காலிக் குடுவையை வைத்து அளந்து கழிக்க வேண்டும்.

பிரித்தெடுக்கும் காந்த வரிசை எல்லாத் துண்டுகளையும் விடுவதில்லை என்பது அடுத்தது. உடையும்போது துண்டுக்குக் கொஞ்சம் உந்தச் சிதறல் கிடைக்கிறது. கோல்ட்ஹேபர் 1974 இல் கொடுத்த எளிய விதி இன்னும் கைகொடுக்கிறது: எத்தனை நியூக்ளியான் போயிற்றோ அதற்கேற்பச் சிதறல் கூடும், அதன் அடிப்படை அளவு, நியூக்ளியான்களின் உள் அசைவிலிருந்து வருவது, சுமார் 90 மெகா எலக்ட்ரான் வோல்ட் வகுத்தல் ஒளிவேகம். கார்பன்-12 இலிருந்து 1 கிகா எலக்ட்ரான் வோல்ட்டில் கார்பன்-11 வந்தால், அதன் உந்தச் சிதறல் ஏறக்குறைய 1 சதவீதம். பெரிலியம்-7 வந்தால் ஏறக்குறைய 2.8 சதவீதம். ஜிஎஸ்ஐயின் துண்டு பிரிப்பான் ஏற்பது மையத்திலிருந்து இருபுறமும் சுமார் 1 சதவீதம். ஆக, கார்பன்-11 இல் மூன்றில் இரண்டு பங்கும் பெரிலியம்-7 இல் கால்வாசிக்குச் சற்று மேலும்தான் ஒரே காந்த அமைப்பில் கடைசிவரை வரும். மிச்சம் சுவரில் முட்டிப் போய்விடும். அதனால் காந்தங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பல ஓட்டங்களை எடுத்து, உந்தப் பரவலைத் துண்டுதுண்டாக ஒட்டிச் சேர்க்கிறார்கள். இதைச் செய்யாமல் ஒரே அமைப்பில் வந்த கவுன்ட்டை வைத்து இரண்டு துண்டுகளை ஒப்பிட்டால், இயற்கையைப் பற்றி எதுவும் தெரியாது. காந்தத்தின் அகலம்தான் தெரியும்.

இன்னும் இரண்டு திருத்தங்கள் உண்டு. தடிமனான டார்கெட்டில் பிறந்த துண்டு வெளியே வருமுன் மறுபடி மோதி அழியலாம். வேறொரு துண்டு உடைந்து நாம் தேடும் துண்டாகவும் மாறலாம். யுரேனியம் போன்ற கன அணுக்கருக்களில் ஓர் எலக்ட்ரான் ஒட்டிக்கொண்டு வந்தால் அதன் மின்சுமை ஒன்று குறைந்து, காந்தத்துக்கு வேறொரு ஐசோடோப்பு போலத் தோன்றும்.

டெட் டைம் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நீங்கள் உங்கள் கல்லூரியிலேயே கையால் தொட்டுப் பார்க்கலாம். ஒரு நிகழ்வைப் பதிவுசெய்யும் நேரத்தில் கருவி அடுத்ததைப் பார்க்காது. எம்.எஸ்சி. ஆய்வகத்தில் உள்ள கைகர் கவுன்ட்டரில் இரண்டு கதிரியக்க மூலங்களை வைத்து இதை அளக்கும் சோதனை பல பாடத்திட்டங்களில் இருக்கிறது. முதல் மூலம் தனியே நொடிக்கு 1500, இரண்டாவது தனியே 1500 என்று வைப்போம். இரண்டையும் சேர்த்து வைத்தால் 3000 வராது, 2700 வரும். காணாமல் போன 300 இலிருந்து கருவியின் டெட் டைம் ஏறக்குறைய 70 மைக்ரோநொடி என்று கணக்காகும். ரெக்கார்டு நோட்டுக்கு எழுதி முடித்துவிட்டு நகராமல், மூலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்து, உண்மை வீதத்துக்கும் கருவி காட்டும் வீதத்துக்கும் ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள். நேர்கோடு வளையத் தொடங்கும் இடம் தெரியும். மேலே சிண்டிலேட்டர் 'திணறும்' என்று சொன்னேனே, அதே வளைவு.

முடுக்கியில் ஒரு கூடுதல் சங்கடம் இருக்கிறது. கதிரியக்க மூலத்திலிருந்து துகள்கள் வரும் சராசரி வீதம் சீரானது. முடுக்கியிலிருந்து பீமை மெதுவாக வடித்தெடுக்கும்போது, சில நொடி நீளமுள்ள ஒவ்வொரு வடிப்பிலும் அயனிகள் குபுகுபுவென்று கொத்தாகவும் வரும், நடுவில் ஓய்வாகவும் இருக்கும். பதிவுக்கு 20 மைக்ரோநொடி எடுக்கும் கருவிக்கு நொடிக்கு 10,000 அயனிகள் சீராக வந்தால் 83 சதவீதம் பதிவாகும். அதே 10,000 அயனிகள் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் நெருக்கிக்கொண்டு வந்தால் 50 சதவீதம்தான் பதிவாகும். இரண்டிலும் சராசரி வீதம் ஒன்றே. ஆகவே சராசரியை வைத்து டெட் டைம் திருத்தம் போடுவது தவறு. வந்த டிரிகர்கள் (பதிவுசெய்யச் சொல்லும் சமிக்ஞைகள்) எத்தனை, கருவி ஏற்றுக்கொண்ட டிரிகர்கள் எத்தனை என்று தனித்தனி ஸ்கேலரில் (எண்ணும் கருவியில்) ஓடவிட்டு, ஒவ்வொரு வடிப்புக்கும் அந்த விகிதத்தால் வகுக்க வேண்டும். கட்டுரையில் இது ஒற்றை வாக்கியமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு சோதனையின் தரத்தை எடைபோட நான் முதலில் தேடிப் படிக்கும் வாக்கியம் அது.

வினைவீதத்தை அளப்பதில் எவ்வளவு நிதானம் வேண்டும் என்பதற்கு இந்தத் துறையின் வரலாற்றிலேயே பாடம் இருக்கிறது. 1980 இல் பெவலாக்கில் ஃபோட்டோ எமல்ஷன் (துகளின் தடம் பதியும் ஃபிலிம் பூச்சு) அடுக்குகளில் கன அயனிகளைச் செலுத்தி, பிறந்த துண்டுகளின் தடங்களை மைக்ராஸ்கோப்பில் பின்தொடர்ந்தார்கள். ஒரு துண்டு சராசரியாக எவ்வளவு தூரம் போய் அடுத்த மோதலைச் சந்திக்கிறது என்பதை அளந்தார்கள். எல்லாத் தடங்களின் நீளத்தையும் கூட்டி மோதல்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரித் தூரம் கிடைக்கும். குறுக்குவெட்டை அளக்க இதுவும் ஒரு வழி. பிறந்த முதல் சில சென்டிமீட்டருக்குள் எதிர்பார்த்ததைவிட அதிக மோதல்கள் தெரிந்தன. துண்டுகளில் 6 சதவீதம் ஏதோ புதுவகை, அவை 2.5 சென்டிமீட்டரிலேயே மோதிவிடுகின்றன என்று வைத்தால் தரவு பொருந்தியது. அனோமலான் என்று பெயரும் வந்துவிட்டது. பல நாடுகளில் குழுக்கள் சோதித்தன. எண்ணிக்கை பெருகி, எமல்ஷன் அல்லாத டிடெக்டர்களிலும் பார்த்தபோது அந்த விளைவு நிலைக்கவில்லை. முதலில் அறிவித்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பார்த்ததை நேர்மையாக வெளியிட்டார்கள், மற்றவர்கள் சரிபார்த்தார்கள். ஆயிரத்துச் சொச்சம் நிகழ்வுகளை வைத்துக்கொண்டு ஒரு சிறு சதவீதத்தைப் பற்றிப் பேசும்போது எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மறுகோடியில் மிகச் சிறிய குறுக்குவெட்டுகள் இருக்கின்றன. 1 பிகோபார்ன் என்றால் 10⁻³⁶ சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 1 கிராம் பெரிலியம் டார்கெட், நொடிக்கு 10⁹ அயனிகள் என்று போட்டால், அப்படியொரு துண்டு நாளுக்கு ஐந்தாறுதான் பிறக்கும். காந்தத்தில் இழப்பது போகக் கைக்கு வருவது இன்னும் குறைவு. 1994 இல் ஜிஎஸ்ஐயில் செனான்-124 பீமைப் பெரிலியத்தில் விட்டு வெள்ளீயம்-100 ஐத் தேடினார்கள். 50 புரோட்டான், 50 நியூட்ரான் கொண்ட இரட்டை மாய எண் அணுக்கரு அது, அதாவது இரண்டு வகைக்கும் கூடுகள் நிறைந்தது. முழுச் சோதனையிலும் அடையாளம் கண்டவை ஏழு. இங்கே புள்ளியியல் பிழைதான் எல்லாவற்றையும் விழுங்கும். பீமை 5 சதவீதத் துல்லியத்தில் அளந்தும் பெரிய பயன் இல்லை. எந்தப் பிழை பெரிது என்பது சோதனைக்குச் சோதனை மாறும்.

விண்மீன்களுக்கு இதையே பயன்படுத்துகிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். நேரடியாக இல்லை. விண்மீனின் உள்ளே வினைவீதம் என்பது, அந்த வெப்பநிலையில் துகள்களின் வேகப் பரவல் முழுவதற்கும் குறுக்குவெட்டையும் வேகத்தையும் பெருக்கி எடுத்த சராசரி. சூரிய மையத்தில் வெப்பநிலை ஒன்றரைக் கோடி கெல்வின். அங்கே பெரிலியம்-7 ஒரு புரோட்டானை விழுங்கிப் போரான்-8 ஆவது 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டிய ஆற்றலில்தான் பெரும்பாலும் நடக்கிறது. மின்விலக்கத்தால் அந்த ஆற்றலில் குறுக்குவெட்டு அளக்க முடியாத அளவுக்குச் சிறுத்துவிடும். துண்டாக்கக் கூடங்கள் இதற்கு ஒரு சுற்றுவழி தருகின்றன. போரான்-8 ஐத் துண்டாக உண்டாக்கி, ஈய டார்கெட்டை ஒட்டிப் பறக்கவிடுகிறார்கள். ஈய அணுக்கருவின் 82 புரோட்டான்கள் உண்டாக்கும் மின்புலத்தைக் கடக்கும் நொடியில், போரானுக்கு அது ஒரு ஃபோட்டான் மழை போலத்தான். அதில் போரான்-8 பெரிலியம்-7 ஆகவும் புரோட்டானாகவும் பிளக்கும். விண்மீன் வினையின் தலைகீழ் இது. முன்வினைக்கும் பின்வினைக்கும் உள்ள தொடர்பை வைத்து, பிளந்த வீதத்திலிருந்து சேரும் வீதத்தைப் பெறலாம். ரிக்கெனில் மோட்டோபயாஷி குழு 1994 இல் இதைச் செய்து காட்டியது. பிறகு ஜிஎஸ்ஐயிலும் செய்தார்கள். போரான்-8 இலிருந்து வரும் நியூட்ரினோக்கள்தான் சூரிய நியூட்ரினோப் புதிரில் (எதிர்பார்த்ததைவிடக் குறைவான நியூட்ரினோக்களே பூமியில் பதிவான புதிர்) மையமாக இருந்தவை என்பதால் இந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம். அங்கேயும் அடிப்படையில் அதே வேலைதான்: வந்த போரான் எத்தனை, பிளந்தவை எத்தனை, ஈயம் இல்லாமலே பிளந்தவை எத்தனை.

மருத்துவத்திலும் இந்த எண்கள் வேண்டும். ஜப்பானின் சிபாவில் 1994 முதல் கார்பன் அயனியால் புற்றுநோய்க்குச் சிகிச்சை தருகிறார்கள். நியூக்ளியானுக்கு 400 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள கார்பன், திசுவில் 27 சென்டிமீட்டர் ஆழம் வரை போகும். அந்தத் தூரத்தில் பாதிக்கும் மேற்பட்ட அயனிகள் வழியிலேயே உடைந்துவிடும். உடைந்த லேசான துண்டுகள் கட்டியைத் தாண்டியும் போகும். அவை எவ்வளவு என்று தெரியாமல் மருத்துவர் அளவைத் தீர்மானிக்க முடியாது.

இந்தியாவில் இந்த அளவு ஆற்றலில் முடுக்கி இல்லை. மும்பை, டெல்லி, கொல்கத்தா முடுக்கிகளில் குறைந்த ஆற்றலில் நல்ல அணுக்கரு வினை ஆய்வுகள் நடக்கின்றன. டார்ம்ஸ்டாட்டில் எழும் ஃபேர் (FAIR) முடுக்கித் திட்டத்தில் இந்தியா பங்குதாரர். காலாப்பட்டிலோ தேவனாம்பட்டினத்திலோ படிப்பவர்கள் அங்கே போக வழி இருக்கிறது. பீம் மானிட்டரின் சாய்வையும் டெட் டைமையும் தன் கையால் அளந்து பழகியவரை அங்கே எந்தக் குழுவும் விரும்பிச் சேர்த்துக்கொள்ளும்.

நீங்கள் படிக்கும் கட்டுரையில் அந்த 10 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். துண்டின் கவுன்ட் ஆயிரக்கணக்கில் இருந்தால் புள்ளியியல் பங்கு 2, 3 சதவீதத்தைத் தாண்டாது. பெரும்பகுதி பீம் மானிட்டரின் அளவு திருத்தத்திலும் காந்த வரிசையின் ஏற்புத் திருத்தத்திலும் இருக்கும். இந்த இரண்டும் எல்லாத் துண்டுகளுக்கும் ஒரே மாதிரி பாதிக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். பீம் மானிட்டர் பிழை எல்லாத் துண்டுகளையும் சேர்ந்தே மேலேயோ கீழேயோ நகர்த்தும்; இரண்டு துண்டுகளின் விகிதத்தில் அது அடிபட்டுப் போகும். ஏற்புத் திருத்தம் அப்படி அடிபடாது. கட்டுரையின் பெயரையும் அதில் உள்ள பிழை அட்டவணையையும் அனுப்பினால், அந்தக் குறிப்பிட்ட எண்ணை வரிவரியாகப் பிரித்துப் பார்க்கலாம்.